கங்கும் சாம்பலும்: கரிசல் அடுப்படியின் எழுதப்படாத விதிகள்

சிவகாசிப் பக்கம் தொழிற்சாலை என்ற சொல்லை யாரும் அதிகம் புழங்குவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ், அச்சாபீஸ் என்று எல்லாமே ஆபீஸ்தான். "ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்" என்று தூக்குச்சட்டியோடு கிளம்பும் பெண், பகல் முழுக்கத் தீக்குச்சி அடுக்கவோ சரம் பின்னவோ போகிறார்.

அந்த ஆபீஸ்களுக்குள் நெருப்பைப் பற்றி எழுதிவைத்த விதிகள் ஏராளம். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் 1940இல் ஒருமுறை, 1983இல் ஒருமுறை, 2008இல் ஒருமுறை விதிகள் விரித்து எழுதப்பட்டன. மருந்து அறைகளுக்கு நடுவே இத்தனை மீட்டர் இடைவெளி, ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, பொறி கிளப்பும் இரும்புக் கருவி உள்ளே வரக் கூடாது, தீப்பெட்டியும் பீடியும் வாசலோடு சரி. இந்த விதிகள் காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாடே பார்த்தது. ஏறத்தாழ 40 பேர் அந்த ஒரு விபத்தில் செத்தார்கள்.

சாயங்காலம் அதே பெண் வீட்டுக்கு வந்து விறகடுப்பைப் பற்ற வைப்பார். இந்த நெருப்பைப் பார்வையிட ஆய்வாளர் யாரும் வரப்போவதில்லை. உரிமம் கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. அதற்காக விதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாம்பலை எப்போது அள்ளுவது, அள்ளியதை எங்கே கொட்டுவது, விறகை எவ்வளவு தள்ளி அடுக்குவது, ராத்திரி படுக்கும் முன் கங்கை என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. பாட்டி அம்மாவைத் திட்டி, அம்மா மகளைத் திட்டி, திட்டு வழியாகவே கைமாறி வந்த முறை அது. அந்த முறை எப்படி உருவானது, எது அதை மாற்றியது, அடுப்பைத் திருத்த வந்தவர்கள் அதில் எதைத் தவறவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

அடுப்பிலிருந்தே தொடங்கலாம். கரிசல் காட்டில் வீடு இருந்தாலும் கரிசல் மண்ணை மட்டும் வைத்து அடுப்புப் போட முடியாது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளக்கிற மண் அது. அதனால் புற்றுமண்ணோ கண்மாய்க் களிமண்ணோ எடுத்து, மணலும் பதரும் சேர்த்து மிதித்துக் குழைத்து, கையாலேயே பிடித்து வைப்பார்கள். முன்னால் விறகு வைக்க ஒரு வாய். மேலே பாத்திரம் உட்கார மூன்று குமிழ். பெரிய கண்ணிலிருந்து ஒரு துளை வழியாகப் பக்கத்துச் சின்னக் கண்ணுக்கு அனல் போனால் அது கொடியடுப்பு. பெரியதில் உலை கொதிக்கும்போதே கொடியில் குழம்பு சுண்டிக்கொண்டிருக்கும்.

அந்த மூன்று குமிழ்களுக்கும் ஒரு வேலை உண்டு. பானைக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே அவை விடுகிற சந்து வழியாகத்தான் சூடான காற்று மேலேறி வெளியேறுகிறது. அது வெளியேறினால்தான் வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். குமிழ் தேய்ந்து பானை விளிம்போடு ஒட்டி உட்கார்ந்தால் தீ மூச்சுமுட்டிப் புகையும். அடியில் சாம்பல் மேடிட்டாலும் இதே கதைதான். ஆகவே சாம்பல் அள்ளுவது சுத்தத்துக்கான காரியம் மட்டுமாக இருக்கவில்லை, அடுப்பு எரிவதற்கே அது தேவை.

இதில் மெழுகுதல் என்ற வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாம்பலை அள்ளி, விளிம்பைத் துடைத்து, சாணியைக் கரைத்துக் கையால் அடுப்பு முழுவதும் பூசி, வெள்ளிக்கிழமை என்றால் அதன்மேல் கோலமும் போடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சடங்கு. ஆனால் அப்படிப் பூசும்போது அந்தக் கை அடுப்பின் ஒவ்வோர் அங்குலத்தையும் தடவிப் பார்த்துவிடுகிறது. எங்கே கீறல் விட்டிருக்கிறது, எந்தக் குமிழ் ஆடுகிறது, கொடிக்குப் போகும் துளை தூர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். மயிரிழைக் கீறலை அந்தச் சாணிக் கரைசலே அடைக்கும். பெரிய கீறலுக்குக் கொஞ்சம் மண் குழைத்து அப்பி, ஒரு பொழுது காயவிட்டு, அப்புறம் சிறு தீயில் சூடேற்றுவார்கள். ஆபீஸ்களில் பதிவேடு வைத்துச் செய்யும் ஆய்வும் பழுதுபார்ப்பும் இங்கே மெழுகுதல் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன.

புறநானூற்றில் ஒரு புலவரின் வறுமையைச் சொல்ல, அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டுகிறார்கள். எரியாத அடுப்பும் கெட்டுப்போகும் என்ற அறிவு அவ்வளவு பழையது.

*

தீப்பெட்டி மலிவாவதற்கு முன்னால் அடுப்படியின் முதல் விதி நெருப்பை அணையவிடாமல் காப்பதாக இருந்தது. ராத்திரிச் சமையல் முடிந்ததும் நல்ல கங்குகளை ஒன்றுசேர்த்து அவற்றின்மேல் சாம்பலைப் போர்த்திவிடுவார்கள். சாம்பல் காற்றைத் தடுத்து, சூட்டையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். விடிகாலையில் கிளறி, பஞ்சையோ காய்ந்த சாணித்தூளையோ வைத்து ஊதாங்குழலால் நாலு ஊது ஊதினால் தீ வந்துவிடும். வரவில்லை என்றால் ஒரு சிரட்டையோடு பக்கத்து வீட்டுக்குப் போய், "மதினி, ரெண்டு கங்கு குடுங்க" என்று வாங்கிவர வேண்டியதுதான்.

இதே பழக்கம் ஐரோப்பாவில் சட்டமாகவே இருந்தது. ஊரடங்குக்கு நாம் சொல்லும் கர்ஃப்யூ என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் பொருள் 'நெருப்பை மூடு' என்பதே. மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற மத்தியகால நகரங்களில் இரவு மணி அடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பைச் சாம்பலால் மூடிவிட வேண்டும். அங்கே மணியடித்துச் சொன்னதை இங்கே மாமியார் சொன்னார். அங்கே அது நகரத்தின் வரலாற்றில் ஏறியது, இங்கே வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மறு ஆண்டே சிவகாசியில் தொழில் தொடங்கியது. பிறகு இருவரும் தனித்தனியாக நடத்தியபோது அணில் மார்க்கும் காக்கா மார்க்கும் பிறந்தன. மழை குறைந்த, விவசாயம் நம்ப முடியாத அந்தப் பூமியில் தீப்பெட்டி எப்படிச் சோறு போட்டது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அடுப்பங்கரையில் அது என்ன செய்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஒரு குச்சியைக் கிழித்தால் நெருப்பு என்று ஆனபிறகு, கங்கை ராத்திரி முழுக்கக் காத்து வைக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. அடுப்பை முழுக்க ஆறவிடலாம். ஆறிய அடுப்பிலிருந்துதான் சாம்பலை அடிவரை சுரண்டி அள்ள முடியும். ஆறிய அடுப்பைத்தான் கைவைத்து மெழுக முடியும். கூரை வேய்ந்த வீட்டில் ஆள் தூங்கும்போது உயிரோடு ஒரு கங்கு கிடக்க வேண்டியதில்லை. அணில் மார்க்கின் வரலாற்றில் இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனாலும் சாம்பலுக்குள் கங்கு இருக்கும் என்ற பழைய எச்சரிக்கை காலாவதி ஆகவில்லை. மேலே வெள்ளையாக ஆறிக் கிடக்கும் சாம்பலுக்குள் ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள்கூட, உயிருள்ள கங்கு ஒளிந்திருக்கும். குப்பையில் கொட்டிய சாம்பல் காற்றடித்ததும் பக்கத்துப் பருத்திமார்ப் படப்பில் பற்றிக்கொள்வது இப்படித்தான். இரும்புச் சட்டியில் அள்ளு, தண்ணி தெளி, படப்புக்கிட்டப் போகாதே என்று திட்டி வளர்த்ததற்கு இதுதான் காரணம்.

*

இரண்டாவது பெரிய மாற்றம் விறகில் வந்தது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் காடில்லாத பூமி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்துக்கு மேற்கே மலை இருந்தாலும் கரிசல் கிராமத்துக்கு அது தூரம். இங்கே அடுப்பெரித்தது காடு தந்த கட்டையால் அல்ல, வெள்ளாமையின் மிச்சத்தால். பருத்திமார், எள்ளுமார், கம்பந்தட்டை, சோளத்தட்டை, இவற்றோடு வரட்டி. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காலம் தொட்டே பருத்திமார்தான் முக்கியமான எரிபொருள்.

பருத்திமார் சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், எழுந்து போக முடியாது. ஒருவகையில் அது பாதுகாப்பும்கூட, ஆள் இல்லாத அடுப்பு என்ற பேச்சே கிடையாது. ஆனால் முகம் எந்நேரமும் புகைக்குள் இருக்கும். சாம்பலும் அதிகம். வரட்டி அதற்கு நேர்மாறு. மெதுவாகக் கனியும், பால் காய்ச்ச ஏற்றது, புகையிலும் சாம்பலிலும் எல்லாவற்றையும் மிஞ்சிவிடும்.

பிறகு சீமைக்கருவேலம் வந்தது. மெக்சிகோ, கரீபியப் பக்கத்து மரம். 1870களில் சென்னை மாகாண வனத்துறை ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பகுதியில் நட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பது முக்கியமான நோக்கம். அதன்பின் எத்தனையோ கை மாறி, ஆடுமாடு தின்று கழித்த விதை வழியாகவும் பரவி, பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் கண்மாய்களையும் தரிசையும் நிரப்பிவிட்டது. விருதுநகரும் 1985 வரை அந்த ஜில்லாவின் பகுதிதான். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, நிலத்தைக் கெடுக்கிறது என்று வழக்குகள் நடந்தன. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொன்னது. இத்தனை வசவுக்கும் நடுவே அந்த மரம் ஒரு காரியத்தைச் செய்தது. காசில்லாதவர் வீட்டு அடுப்புக்கும் நல்ல கட்டை கிடைத்தது.

கருவேலங்கட்டை அடர்த்தியானது. காய்ந்த கட்டையாக இருந்தால் அதிகம் பொறி தெறிக்காமல், ஒரே சீராக, நின்று எரியும். சாம்பல் குறைவு, கங்கு பலமானது. அடுப்பின் முன்னால் எந்நேரமும் உட்கார வேண்டியதில்லை. விறகைச் சொருகிவிட்டுப் பெட்டி ஒட்டப் போகலாம். வீடுகளில் தீப்பெட்டிக்கூடு ஒட்டும் வேலை பரவிய காலத்துக்கு இந்தக் கட்டை தோதாக இருந்தது என்று தோன்றுகிறது. ஆனால் இதிலேயே ஒரு புது ஆபத்தும் இருக்கிறது. தள்ள ஆள் தேவையில்லாத அடுப்பு, ஆள் பார்க்காத அடுப்பாக ஆனது. நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையின் பாதி எரிந்ததும் மீதி பாரம் தாங்காமல் வெளியே புரண்டு விழும். பக்கத்தில் காகிதமும் பசையும் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈரக்கட்டையின் கதை தனி. வெட்டிய சூட்டில் ஒரு மரக்கட்டையின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீராக இருக்கலாம். அதை அடுப்பில் வைத்தால் முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே சூடு செலவாகும். தீ தணியும், புகை பெருகும், கரியும் தாரும் பானையிலும் சுவரிலும் படியும். பிளந்து, அடியில் காற்றோட்டம் விட்டு அடுக்கி, ஒரு கோடை காயவிட வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு இடமும் முன்கூட்டி வெட்டி வைக்க நேரமும் வேண்டும். அன்றன்றைக்குப் பொறுக்கி எரிக்கிறவருக்கு அது வாய்ப்பதில்லை.

சாம்பலுக்கும் பட்டாசுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கருமருந்தின் மூன்று சரக்குகள் வெடியுப்பு, கந்தகம், கரி. பழைய முறையில் வெடியுப்புக் காய்ச்சுகிறவர்கள் மாட்டுத் தொழுவம், பழைய சுவர் ஆகிய இடங்களில் உவர் பூத்த மண்ணைக் கரைத்து, அந்தக் கரைசலை மரச்சாம்பலோடு சேர்ப்பார்கள். சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் மண்ணின் நைட்ரேட்டோடு கூடி வெடியுப்பாகும். பீகாரில் இப்படிக் காய்ச்சியதைத்தான் ஆங்கிலேய, டச்சுக் கம்பெனிகள் ஐரோப்பியப் போர்களுக்குக் கப்பலேற்றின. தமிழ்நாட்டில் உப்பிலியர் இந்தத் தொழிலைச் செய்தார்கள். அடுப்புச் சாம்பலுக்குப் பாத்திரம் துலக்கும் காரம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்தேதான் இந்தக் குணமும் வருகிறது. ஈரச் சாம்பலை வெறுங்கையால் நெடுநேரம் அளைந்தால் தோல் வெந்துபோவதும் அந்தக் காரத்தால்தான்.

*

இதுவரை சொன்ன எழுதப்படாத விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. புகையைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால் புகை உபயோகமானது என்றே கருதப்பட்டது. கூரை ஓலையைப் பூச்சி அரிக்காமல் காக்கும், அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதையில் வண்டு விழாது. அதே புகையில் உட்கார்ந்து முப்பது, நாற்பது வருஷம் சமைத்தவரின் இருமலை யாரும் கணக்கில் வைக்கவில்லை. "அவளுக்கு எப்பவும் இழுப்பு" என்பதோடு பேச்சு முடிந்தது.

அதைக் கணக்கில் எடுத்தவர்கள் காந்தியர்களும் பொறியாளர்களும். வார்தாவில் மகன்வாடியை மையமாகக் கொண்டு அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அங்கே 1940களில் உருவான புகையில்லா அடுப்புக்கு 'மகன் சூலா' என்று பெயர். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு இதே காரியத்தில் இறங்கினார். கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லா அடுக்களை என்ற பொருளில் அவர் எழுதிய சிறு புத்தகம் 1953இல் சென்னையில் அச்சானது. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தது விருதுநகர் எல்லையை ஒட்டிய தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1960 ஜனவரி 30 அன்று காலமானார்.

இந்த அடுப்புகளின் தத்துவம் சுலபமானது. மூடிய மண் அடுப்பு, உள்ளே சுரங்கம் போல ஒரு பாதை, இரண்டு மூன்று கண், கடைசியில் கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி. நம் கொடியடுப்பையே நீட்டி, அதன் வாலில் ஒரு குழாயைச் சொருகினால் கிடைப்பது ஏறக்குறைய இதுதான். சுத்தமாக இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும்.

அந்தக் 'கும்வரை'யில்தான் சிக்கல். பழைய அடுப்பில் அள்ள வேண்டியது சாம்பல் ஒன்றுதான், அதுவும் கைக்கெட்டும் இடத்தில். புது அடுப்பில் கண்ணுக்குத் தெரியாத சுரங்கத்திலும் ஆளுயரத்துக்கு மேலே போகும் குழாயிலும் கரி படிந்தது. ஈரவிறகு எரித்தால் சில வாரத்திலேயே குழாயின் விட்டம் சுருங்கும். வழி அடைபட்டால் புகை திரும்பி வாய் வழியாக அடுக்களைக்கே வரும். குழாயில் பளபளவென்று படியும் தார் தீப்பிடிக்கவும் செய்யும். ஓலைக்கூரையைத் துளைத்துப் போன குழாய் என்றால் அந்தப் பயம் சாதாரணப் பயம் இல்லை.

மேற்கு நாடுகளில் புகைபோக்கி வந்தபோது அதைத் துடைக்கும் தொழிலும் கூடவே வந்தது. அந்தத் தொழிலுக்குக் கொடூரமான முகமும் இருந்தது. லண்டனில் சின்னப் பையன்களைக் குழாய்க்குள் ஏற்றிக் கரி சுரண்ட வைத்தார்கள். கரியால் அவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதை 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். ஒரு தொழில் தரும் புற்றுநோயைப் பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. இன்று ஜெர்மனியில் வீட்டுப் புகைபோக்கியைக் குறித்த காலத்தில் தகுதி பெற்றவர் வந்து துடைத்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊருக்குப் புகைபோக்கி மட்டும் வந்தது. அதைத் துடைக்கிற ஆள் வரவில்லை. அந்த வேலை, கேட்காமலே, ஏற்கெனவே அடுப்பு மெழுகிக்கொண்டிருந்த பெண்ணின் கணக்கில் சேர்ந்தது.

*

1983ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சிவகாசியின் பெண்களைத் தொட்டுச் செல்லும் மூன்று காகிதங்கள் அந்த ஒரே ஆண்டில் வந்தன. ஒன்று, மேலே சொன்ன வெடிபொருள் விதிகள். இரண்டாவது, தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்ற தலைப்பில் ஜூலையில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை. விடியுமுன்பே கிராமம் கிராமமாகப் பஸ் போய்க் குழந்தைகளைத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அள்ளிவருவதை அது நாட்டுக்குச் சொன்னது. மூன்றாவது, டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம். 2002இல் முடிவதற்குள் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அந்தத் திட்டத்தில் வழங்கப்பட்டன.

மூன்று காகிதங்களும் ஒன்றையொன்று அறியாதவை. ஆனால் ஒரு வீட்டில் மூன்றும் சந்தித்தன. விடியுமுன் பஸ்சைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்குக் கஞ்சியும் தூக்குச்சட்டியும் தயாராக வேண்டும் என்றால் அடுப்பு அதற்கும் முன்னால் எரிய வேண்டும். அந்த நேரத்தில் சாம்பல் அள்ளி, மெழுகி, சுரங்கத்தில் கைவிட்டுக் கரி சுரண்ட யாரால் முடியும்? முன்பு தாய்க்குத் துணையாக அடுப்படியில் நின்று, திட்டு வாங்கி, முறையைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய சிறுமி இப்போது ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பராமரிக்கும் அறிவு கைமாறும் இடமே அங்கே அறுந்தது. அரசுத் திட்டத்தின் கணக்கில் எத்தனை அடுப்பு கட்டினோம் என்ற எண் முன்னால் நின்றது. எத்தனை அடுப்பு துடைக்கப்படுகிறது என்ற எண் பின்னால் போய்விட்டது.

இது அனுமானம் மட்டும் அல்ல என்பதற்கு ஒடிசாவிலிருந்து சான்று உண்டு. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா மூவரும் அங்கே புகைபோக்கி வைத்த மண் அடுப்பு பெற்ற கிராமத்து வீடுகளை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் சமைக்கிறவரின் உடலுக்குள் போகும் புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கத் தேவையான வேலையைச் செய்யவில்லை, நாளாக நாளாக உபயோகமே குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் நல்லதாக இருந்த அடுப்பு வீட்டில் தோற்றது இப்படித்தான். பெண்களின் அலட்சியம் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. துடைக்கும் நேரத்தைச் சேர்க்காமல் விலை போட்ட பொருள் என்று படிப்பதுதான் சரியென்று எனக்குப் படுகிறது.

புகை எவ்வளவு என்பதைத் தமிழ்நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவும் நான்கு மாவட்டங்களின் கிராம வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, விறகும் சாணமும் எரிக்கும் வீட்டில் சமைக்கிறவர் ஒரு நாளில் சுவாசிக்கும் நுண்துகளின் சராசரி கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருள் வீடுகளில் 82. சமைக்கும் வேளையில் மட்டும் பார்த்தால் விறகடுப்பின் அளவு 500 முதல் 2000 வரை போனது.

*

2007இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீட்டுக்கு மேல் சுத்தமான எரிபொருளுக்கு மாறியிருந்தன. இது பெரிய விடுதலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் இன்னொன்றும் தெரியும். அடுக்களைக்குள் கேஸ் அடுப்பு, கொல்லையில் விறகடுப்பு. வெந்நீருக்கு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்க, விசேஷத்துக்குப் பெரிய சட்டி ஏற்ற, சிலிண்டர் தீர்ந்து அடுத்ததுக்குக் காசு தேறாத வாரத்துக்கு. வீட்டின் முதல் அடுப்பாக இருந்தது இரண்டாம் அடுப்பாகிவிட்டது. இரண்டாம் அடுப்பை யாரும் தினமும் மெழுகுவதில்லை. கீறல் விட்டால் விட்டதுதான், சாம்பல் நிறைந்தால் நிறைந்ததுதான்.

இந்த வட்டாரத்தில் அது மற்ற ஊர்களைவிட ஆபத்தானது. அனுமதியில்லாமல் வீடுகளிலும் ஓரங்களிலும் பட்டாசு சுற்றுவது இங்கே அவ்வப்போது செய்தியாகிறது. கூலி போதாத குடும்பம் ஆபீசின் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, ஆபீசின் விதிகள் கூட வருவதில்லை. மருந்து மட்டும் வருகிறது. சுவருக்கு அந்தப்பக்கம் கங்கு இருக்கிறது. விதி எழுதிய நெருப்பும் எழுதாத நெருப்பும் பத்தடி தூரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நிலை அது. மருந்துக்கும் அடுப்புக்கும் ஒரே கூரை கூடாது என்பதில் பேரம் கிடையாது. மருந்து பட்ட தாள், சாக்கு, துணி எதையும் எரிக்க அடுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. ஆபீஸ் உடுப்போடு வந்து அடுப்பு மூட்டாமல் கைகால் கழுவி, சேலை மாற்றிய பிறகு மூட்டுவதும் இதே கணக்கில்தான் வரும்.

மற்றவை பழைய முறைகள்தான், காரணத்தோடு சொன்னால் போதும். ஆறிய அடுப்பில் மட்டும் சாம்பல் அள்ள வேண்டும், அடியில் ஒரு விரற்கடை விட்டுவிட்டால் மண் அடிப்பாகம் சூட்டில் வெடிக்காது. இரும்புச் சட்டியில் அள்ளித் தண்ணீர் தெளித்துத் திறந்தவெளியில் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் வாளி கூடாது. எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் மண் பிளந்துவிடும், கட்டையை வெளியே இழுத்து மணலில் புதைத்து அணைக்கலாம். புகைபோக்கி இருந்தால் மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறிய பிறகு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கயிற்றில் கட்டிய சாக்குத்துணியை மேலிருந்து கீழே இழுத்துத் துடைக்க வேண்டும். புகை வாய் வழியாகத் திரும்பினால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயை எரிகிற கங்கின்மேல் ஊற்றக் கூடாது, பற்றவைக்க ஒரு கைப்பிடி தென்னம்பாளையோ பருத்திமாரோ போதும். பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணிக்கு வைக்கும் கங்குச்சட்டியைக் கதவடைத்த அறையில் விட்டுவிடக் கூடாது. கங்கு புகையாமல் கனியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியாது.

இந்தப் பத்து வரியை ஒரு தகரப் பலகையில் எழுதி மாட்டிவிடலாம். வெடி ஆபீஸ் வாசலில் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். பலகைக்கு முன்னால் நிற்கிறவருக்கு அதைச் செய்ய நேரம் இருக்கிறதா என்ற கேள்வி பலகையில் வராது. மெழுகுவதற்கு அரைமணி நேரம், விறகை ஒரு கோடை காயவைக்க ஒரு கொட்டகை, புகைபோக்கி துடைக்க ஊருக்கு ஒருவருக்குக் கூலி, மாதக் கடைசியிலும் சிலிண்டர் வாங்கக் காசு. அடுப்பைத் திருத்தும் அடுத்த திட்டத்துக்கு யாராவது பட்ஜெட் போடுவதாக இருந்தால், முதல் வரியில் வர வேண்டியவை இவை.